குவார்ட்டர்ஸ் வீடும் மான்செஸ்டரும்

1965-இல் டிரஸர் எனப்பட்ட தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் மலேசியாவில் வந்தபோது என் தாத்தா முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஜொகூரில் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கிருந்த ஆஸ்பத்திரியில் எடுபிடி ஆளாகச் சேர்ந்தவர். ஊசியைக் கொதிநீரில் போட்டெடுப்பதில் தொடங்கி, காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சல்காரருக்குக் கொய்னா கொடுப்பது, தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாகப் போய் வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகளைத் தூக்கி வருவது வரை எல்லாம் பழகியிருந்தார். தோட்டத்துக்குப் பொறுப்பான டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் சனங்களுக்கு டாக்டர் என்றால் டிரஸர்தான். டிரஸர் இல்லாத நேரத்தில் தாத்தா. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் இனி டிரஸர் ஆக முடியாது என்றானபோது கைப்பழக்கம் மட்டும் போதாமல் போயிற்று. படிக்க வேண்டும். சோதனை எழுத வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில்.

தாத்தா தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர். மிச்ச ஆங்கிலம் மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டியிருந்த தாளிலிருந்து வந்தது. பெரிய டிரஸர் இரவல் கொடுத்த ஒரே ஒரு புத்தகம், அட்டை போய் நூல் பிரிந்த புத்தகம், அதுதான் பாடம். தோட்டத்து ஜெனரேட்டர் இரவு ஒன்பதுக்கு நின்றுவிடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. பாட்டி காலை நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பேர் எடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டியவள். பால் வெட்டி, வாளி சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டு வேலையும் முடித்து உட்கார்ந்தால் கண் சொக்கும். அந்த நேரத்தில்தான் தாத்தாவுக்கு ஒரு நோயாளி தேவைப்படும்.

கட்டுப் போடுவது அந்தச் சோதனையில் பெரிய பகுதி என்று பாட்டி இப்போதும் சொல்கிறாள். பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து, இறுக்கிச் சுருட்டி, பாட்டியின் கையில், முழங்காலில், தோளில், கடைசியில் தலையில் சுற்றுவார். தலைக்குப் போடும் கட்டுக்கு இரண்டு சுருள் வேண்டும். ஒன்று நெற்றியைச் சுற்றிக்கொண்டே போகும், மற்றொன்று உச்சியின் மேல் முன்னும் பின்னுமாக ஓடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. ஒருநாள் கட்டு முடிந்ததும் தாத்தா அசதியில் அப்படியே தூங்கிவிட, பாட்டி அவரை எழுப்ப மனமில்லாமல் தலைக்கட்டோடு படுத்து, விடிகாலை இருட்டில் மறந்துபோய்க் கட்டோடே பெரட்டுக்குப் போய் நின்றாளாம். மேற்பார்வையாளரான தண்டல் பதறிப்போய் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே பெரிய டிரஸர் அந்தக் கட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவன் தேறிடுவான்" என்றாராம்.

தேறினார். எதற்காக அத்தனை பாடு என்று சின்ன வயதில் நான் கேட்டதற்குப் பாட்டிதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள்: "குவார்ட்டர்ஸுக்குடி." டிரஸருக்குத் தோட்டம் தனி வீடு கொடுக்கும். லயத்தில் பக்கத்து வீட்டு இருமல் இந்த வீட்டில் கேட்கும். தண்ணீருக்குப் பொதுக் குழாயில் வரிசை, கழிவறைக்கு ராத்திரியில் விளக்கு எடுத்துக்கொண்டு நடை. குவார்ட்டர்ஸில் தனிக் குழாய், தனிக் கழிவறை, முன்னால் முருங்கை வைக்க இடம். பாட்டிக்கு அந்தக் குழாய் கண்ணுக்குத் தெரிந்தது. தினம் வேலைக்குப் போகும் வழியில் அந்த வீட்டைத் தாண்டித்தான் போனாள். தாத்தாவுக்குத் தெரிந்தது வேறு. வயிற்றுப்போக்கில் சுருண்டு போன குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது வழியிலேயே கைகள் கனத்துப்போவதை அவர் அனுபவித்திருந்தார். என்ன செய்திருக்க வேண்டும் என்று தெரியாமல் போனதுதான் அவரைப் புத்தகத்துக்கு முன்னால் உட்கார வைத்தது. ஆளுக்கு ஒரு காரணம், இரண்டும் ஒரே விளக்கில்.

இன்று அதே ஜொகூரில் நான் அரசு மருத்துவமனை ஒன்றில் எம்.ஓ., அதாவது மருத்துவ அதிகாரி. என் கைப்பேசிக்குள் ஆயிரக்கணக்கான கேள்விகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தோடு. மின்சாரம் இரவு முழுக்க இருக்கிறது. இங்கிலாந்தில் மருத்துவம் பார்ப்பதற்கான உரிமத் தேர்வுக்கு, பிளாப் என்பார்களே, அதற்குப் படிக்கிறேன். படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதே பல மாதங்களுக்குச் சரியாக இருந்தது. உட்கார்ந்தால் மனம் நகரவில்லை. அது ஏன் என்று யோசித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் மருத்துவமனை மெஸ்ஸில் சாப்பிட உட்காரும் இளம் மருத்துவர்களில் பாதிப் பேருக்காவது இதே நோய் இருக்கிறது.

இதற்கு முன் எனக்கு இப்படி இருந்ததில்லை. இந்தியாவில் நான் மருத்துவம் படித்த காலத்தில், விடுதியில் இரவு இரண்டு மணிக்கும் விளக்கு எரியும். யாரும் தள்ளிவிட வேண்டியிருக்கவில்லை. அப்பா தம் ஊழியர் சேமநிதியான கே.டபிள்யூ.எஸ்.பி. சேமிப்பிலிருந்து கல்விக்கென்று எடுத்த பணம், அம்மாவின் வளையல், இரண்டும் என் புத்தகத்தின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தன. தேறினால் ஊருக்குத் திரும்பலாம், வெள்ளைக் கோட்டு, அரசாங்க வேலை, நிரந்தரம். மலேசியாவில் மருத்துவராக வேண்டுமென்றால் முதலில் தற்காலிகப் பதிவு, பிறகு இரண்டு வருடம் ஹவுஸ்மென்ஷிப். பொது மருத்துவம், குழந்தைகள், அறுவை, எலும்பு, பிரசவம் என்றெல்லாம் நாலு நாலு மாதமாகப் பிரிவு மாற வேண்டும். எல்லாம் தேறினால் முழுப் பதிவு. படி தெரிந்தது, படிக்கு மேல் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்தது. தாத்தாவின் குவார்ட்டர்ஸ் போல.

நான் திரும்பி வருவதற்குள் மேலே இருந்தது மாறிவிட்டது. 2016 டிசம்பரிலிருந்து புதிதாக வரும் மருத்துவர்களை அரசாங்கம் ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கிறது. ஹவுஸ்மென் முடித்தபின் நிரந்தர இடம் சிலருக்கே. மற்றவர்களுக்கு ஒப்பந்தம் முடியும், நீட்டிப்பார்கள், மறுபடி முடியும். யாருக்கு ஏன் கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. நிபுணர் பயிற்சிக்கான அரசு உதவித்தொகையும் எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கோவிட் உச்சத்தில் இருந்த 2021 ஜூலை 26 அன்று நாடு முழுக்க ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் பணியிடத்தை விட்டு வெளியே வந்து நின்றார்கள். நோயாளிகளைப் பார்க்க மாற்று ஆள் வைத்துவிட்டுத்தான் வந்தார்கள். சிறிது நேரம் நின்றுவிட்டு மறுபடி வார்டுக்குள் போனார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் படங்களைப் பார்த்து என் அப்பா அழுதார். அவர் மகளைப் படிக்க வைத்தது வாசலில் பதாகை பிடிக்க அல்ல என்பதால் அழுதாரா, பிடித்தும் அவள் உடனே உள்ளே திரும்பிப் போனாள் என்பதால் அழுதாரா, கேட்கவில்லை.

ஆக, என் தோழிகளில் பலருக்கு அடுத்த படி கடல் தாண்டித்தான். எங்கள் ஊரில் கடல் தாண்டுவது பெரிய சங்கதி இல்லை. 1924-இல் திறந்த, சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர்ப் பாலம் ஒரு கிலோமீட்டர்தான், நாள்தோறும் மூன்று லட்சம் பேருக்கு மேல் அதன் மேல் போய்வருகிறார்கள். ஆனால் மருத்துவருக்கு அந்த ஒரு கிலோமீட்டர் வேறு கணக்கு. சிங்கப்பூர் ஏற்றுக்கொள்ளும் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளின் பட்டியல் 160-ஆக இருந்தது. 2020 தொடக்கத்திலிருந்து அதை 103-ஆகக் குறைத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்குப் பாலத்தில் வழி இருக்கிறது. என் கல்லூரி பட்டியலில் இல்லை. கடற்கரைச் சாலையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் ஊரில் எனக்கு வேலை இல்லை. கண்ணுக்குத் தெரியாத மான்செஸ்டரில் ஒரு தேர்வு எழுதித் தேறினால் கிடைக்கலாம்.

யார் பட்டத்தை யார் ஏற்பது என்பது இந்தப் பகுதியில் எப்போதும் அரசியலாகவே இருந்து வந்திருக்கிறது. 1905-இல் சிங்கப்பூரில், நீரிணைக் குடியேற்றங்களுக்கும் மலாய் மாநிலங்களுக்குமாக ஒரு மருத்துவப் பள்ளி 23 மாணவர்களோடு தொடங்கியது. உள்ளூர் வியாபாரிகள் பணம் திரட்டிக் கொடுத்துக் கேட்டு வாங்கிய பள்ளி அது. 1916-இல் லண்டனில் உள்ள ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் அதன் பட்டயத்தை ஏற்றது. அதாவது நூறு வருடத்துக்கு முன் சிங்கப்பூரில் தேறிய ஒருவர், இன்னொரு சோதனை எழுதாமலே பிரிட்டிஷ் பேரரசில் எங்கும் வைத்தியம் பார்க்கலாம். பேரரசு போன பின், பிரிட்டனின் ஆஸ்பத்திரிகளைத் தாங்கிக்கொண்டிருந்ததே இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன மருத்துவர்கள் என்ற நிலையில், 1975-இல் அதே கவுன்சில் வெளிநாட்டாருக்கென்று தனித் தேர்வைக் கொண்டுவந்தது. பின்னால் அதற்குத்தான் பிளாப் என்று பெயர் வந்தது. ஆள் தேவை குறைந்ததா, தரம் குறைந்ததா என்று அன்று வாதம் நடந்தது. இரண்டும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் ஒரு தேர்வு வைத்ததில் எனக்குக் குறை இல்லை. என் பாட்டியைத் தொடும் டாக்டர் எங்கே படித்தவரானாலும் ஒரே அளவுகோலில் தேறியிருக்க வேண்டும் என்றுதான் நானும் கேட்பேன்.

இப்போது பிரிட்டனிலேயே படித்தவர்களும் 2024–25 கல்வியாண்டிலிருந்து பொதுவான ஓர் உரிம மதிப்பீட்டில் தேற வேண்டும். பிளாப் பாடத்திட்டமும் அதையொட்டி மாற்றப்பட்டுவிட்டது. இன்னொரு விசித்திரமும் எங்கள் ஜொகூரிலேயே இருக்கிறது. இஸ்கந்தர் புத்ரியில் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2011-இல் வளாகம் திறந்தது. அங்கே தேறுகிறவர் கையில் இருப்பது பிரிட்டிஷ் பட்டம். அவர்கள் எங்கள் வார்டுகளுக்குப் பயிற்சிக்கு வருவார்கள். நாங்கள் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் நாளைக்குப் பிரிட்டனில் பதியும் வழி வேறு, நாங்கள் பதியும் வழி வேறு. அதில் எனக்குப் பொறாமை இல்லை, அவர்களில் சிலர் அருமையான மருத்துவர்களாக வருவார்கள். ஆனால் இரவுப் பணி முடிந்து வந்து கேள்வித் தொகுப்பைத் திறக்கும்போது அது மனதில் வந்து போகும்.

மனம் நகராததற்கு முதலில் அசதியைத்தான் காரணமாகச் சொன்னேன். அசதி உண்மைதான். ஆன்-கால் முடிந்து வந்தால் குளித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருக்கும். ஆனால் நாலு மணிக்கு எழுந்து பால் வெட்டிய பாட்டியைவிடவா எனக்கு அசதி? தலைக்கட்டுப் போட இரவில் உட்கார்ந்தவள் அவள். அடுத்த காரணமும் இருந்தது, அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம். எத்தனையோ பேரைக் காப்பாற்றி, சிலரைக் காப்பாற்ற முடியாமல் அவர்கள் வீட்டாரிடம் பேசி, டெங்கியில் ரத்தத் தட்டுகள் சரிவதைக் கண்விழித்து எண்ணிய பிறகு, சிறுநீரகக் கல்லுக்கு முதலில் எந்தப் படம் எடுப்பாய் என்று ஒரு திரை கேட்கும்போது மனம் முறுக்கிக்கொள்கிறது. இதையும் பலரிடம் பார்க்கிறேன். வெளியே சொல்லமாட்டார்கள்.

இரண்டுக்கும் அடியில் மூன்றாவது ஒன்று இருந்தது. தாத்தா எழுதியது இருந்த இடத்தில் காலூன்றுவதற்கான சோதனை. நான் கல்லூரியில் எழுதியது வீடு திரும்புவதற்கான சோதனை. இதுவோ கிளம்பிப் போவதற்கான சோதனை. தேறினால் பாட்டியை, அப்பாவை, இத்தனை நாள் நான் பார்த்த நோயாளிகளை விட்டுப் போக வேண்டும். அப்படியிருக்க ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டும்போது மனத்தில் ஒரு பாதி பின்னால் இழுக்கத்தானே செய்யும்? ஊக்கம் இல்லை, ஒழுங்கு இல்லை என்று பிள்ளைகள் தம்மையே திட்டிக்கொள்கிறார்கள். அதிகாலை எழுவது எப்படி, நேர அட்டவணை போடுவது எப்படி என்று காணொளி காணொளியாகப் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். அட்டவணை போட்டால் அன்றைக்கு நிம்மதியாக இருக்கும், அவ்வளவுதான். எதற்கு எழுதுகிறோம் என்பதற்குப் பதில் இல்லாதபோது அட்டவணையால் என்ன செய்ய முடியும்? இந்தப் பதிலின்மையைச் சோம்பல் என்று பெயரிட்டு இளைய மருத்துவர்களின் தலையில் கட்டுவது அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்குப் பதில் ஒரு மோட்டார் சைக்கிள்காரரிடமிருந்து வந்தது. நாற்பதுகளின் கடைசியில் இருந்தவர், மாசாய் பக்கம் வீடு, சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கானோர் செய்வதுபோலக் காலை நாலரைக்கெல்லாம் மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலத்து நெரிசலில் நிற்பவர். ஒருநாள் வீட்டு வாசலிலேயே வலது கை தொய்ந்து பேச்சுக் குழறியிருக்கிறது. அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மனைவி விடாமல் இழுத்து வந்துவிட்டார். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. நிரந்தரப் பாதிப்பு இல்லாமல் வந்துபோகும் சின்ன ஸ்ட்ரோக். மருந்து எழுதி, மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது அவர் கேட்டார்:

"டாக்டர், நாளைக்கு மோட்டார் எடுக்கலாந்தானே?"

முந்தின இரவு அரைத் தூக்கத்தில் நான் தள்ளிவிட்ட கேள்விகளில் ஒன்று அதுவேதான். பிளாப்பில் இப்படிக் கேட்பார்கள்: இன்ன நோயாளி, இன்ன அறிகுறி, இத்தனை நேரத்தில் சரியாகிவிட்டது, வண்டி ஓட்டுவது பற்றி என்ன சொல்வாய்? பிரிட்டனின் விதிப்படி ஒரு மாதம் காரோ மோட்டாரோ ஓட்டக் கூடாது. முதல் முறை வலிப்பு வந்தவர் என்றால் பொதுவாக ஆறு மாதம். வெள்ளைக்காரர்களின் லைசென்ஸ் சட்டம் எனக்கெதற்கு என்று அந்த இரவில் அலுத்துக்கொண்டு தாண்டிப் போயிருந்தேன். இப்போது அந்தக் கேள்வி கட்டிலில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்க்கிறது.

வழக்கமாக "கொஞ்ச நாளைக்கு வேணாம்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன். எத்தனை நாள் என்றால் எனக்கே தெரியாது. அன்றைக்கு உட்கார்ந்தேன். இந்தச் சின்ன ஸ்ட்ரோக்குக்குப் பின் பெரிய ஸ்ட்ரோக் வருவதென்றால் முதல் இரண்டு நாளிலும் முதல் வாரத்திலும்தான் ஆபத்து அதிகம், அது மோட்டார் ஓடும்போது வந்தால் உங்கள் உயிர் மட்டுமல்ல, பின்னால் வருகிறவர் உயிரும் போகும் என்றேன். ஒரு மாதம் பஸ்ஸில் போங்கள் என்றேன். பஸ் என்றால் மூன்று மணிக்கே எழ வேண்டும், லேட்டானால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றார். முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். மருத்துவ விடுப்பு (எம்.சி.) எத்தனை நாள், அதற்குமேல் எந்த மாதிரி வேலை செய்யலாம் என்று விவரமாக. ரத்த அழுத்த மாத்திரையை எப்போது போடுவீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது: காலையில் அவசரத்தில் மறந்துபோகும், அதனால் வாரத்தில் பாதி நாள் போடுவதே இல்லை. இரவில் போடும்படி மாற்றிக்கொடுத்தேன். அடுத்த முறை கிளினிக்குக்கு வந்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது.

அன்றிரவு கைப்பேசியைத் திறந்து தாண்டிப்போன பகுதியைத் திரும்ப எடுத்தேன். வலிப்பு, மயக்கம், இதய அடைப்பு, சர்க்கரை இறங்குவது, ஒவ்வொன்றுக்கும் வண்டி ஓட்டும் விதி என்ன, அந்த விதிக்குக் காரணம் என்ன. பாலத்தில் நிற்கும் அத்தனை மோட்டார்களும் கண்முன் நின்றன. இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அப்படி ஒரு இரவு. அதிலிருந்து என் படிப்பைத் தலைகீழாக்கிக்கொண்டேன். புத்தக வரிசையை விட்டுவிட்டு வார்டு வரிசையில் போகிறேன். இன்று எந்த நோயாளி என்னைத் திணற வைத்தாரோ அவருடைய நோய்தான் இன்றைய பாடம். அதில் பிரிட்டிஷ் வழிகாட்டி என்ன சொல்கிறது, நம் நாட்டு வழிகாட்டி என்ன சொல்கிறது, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன, ஏன்? டெங்கியும் எலிக்காய்ச்சலும் அந்தத் தேர்வில் அரிது. நமக்கு அரிதான, உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் அங்கே சாதாரணம். அதற்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது, ஒதுக்குகிறேன். மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி, கேள்விக்கு ஒரு நிமிடம் என்றால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முகம் இருந்தால் அந்த ஒரு நிமிடம் போதுமென்று தோன்றுகிறது.

இரண்டாம் பகுதிதான் எனக்கு மிகப் பிடித்தது. அதை மான்செஸ்டருக்கே போய்த்தான் எழுத வேண்டும். 16 அறைகள், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம். உள்ளே நோயாளியாக நடிக்கிறவர் ஒருவர் இருப்பார். அவருக்கு நோய் என்ன என்று கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அவர் என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்று கேட்க வேண்டும். கெட்ட செய்தியைச் சொல்லும் விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. நாங்கள் படித்த காலத்தில் இதெல்லாம் பாடத்தில் ஓரமாக இருந்தது. கூட்டம் நெருக்கும் கிளினிக்கில் ஓரத்திலும் இடமில்லை.

பழகுவதற்கு நோயாளி வேண்டும். வீட்டில் இருக்கிறாள், எண்பதைத் தாண்டியவள், இதில் முன்னனுபவமும் உள்ளவள்.

பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, நெஞ்சுவலி என்று சொல் பாட்டி என்பேன். கைப்பேசியில் எட்டு நிமிடம் ஓடும். எங்கே வலி, எப்போது தொடங்கியது, கைக்கு இறங்குகிறதா, வியர்த்ததா. தமிழில்தான் கேட்பேன், பிறகு அதையே தனியாக ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பேன். பாட்டி நன்றாகவே நடித்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை பேருடைய வலியையும் பார்த்தவள் அல்லவா. ஒருநாள் கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

"உங்களுக்கு இதுல என்னம்மா கவலை? மனசுல என்ன ஓடுது?"

பாட்டி நடிப்பை விட்டுவிட்டாள். அவள் முகம் மாறியதிலிருந்தே தெரிந்தது.

"நீ போயிட்டா எனக்கு யாருடி மாத்திரை எடுத்துத் தருவா?"

எட்டு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று பயிற்சிக் குறிப்புகளில் இருக்கிறது: சற்று நிறுத்து, கேட்டதைத் திரும்பச் சொல், உணர்வை ஒப்புக்கொள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியல பாட்டி" என்றேன். பிறகு இருவரும் உண்மையாகவே பேசினோம். எப்போது தேர்வு, தேறினாலும் எப்போது வேலை வரும், வந்தாலும் போகத்தான் வேண்டுமா, போனால் எத்தனை வருடம், இதய நிபுணராகப் பயின்று திரும்பி வர இடம் இருக்குமா. தேறுவதும் போவதும் ஒன்றல்ல என்பது அந்தப் பேச்சில்தான் எனக்குத் தெளிவானது. போவதா என்பதை வேலை கைக்கு வரும்போது முடிவு செய்வோம். இந்தச் சோதனைக்காகப் படித்தது மாசாய் அண்ணனுக்கு ஏற்கெனவே உதவிவிட்டது. அது இங்கேயே நிற்கும். பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படிக்கிறத நிறுத்தாத. உங்க தாத்தா பாதியில நிறுத்துறேன்னு சொன்னப்ப நான் தலையக் காட்டிக்கிட்டு உக்காந்தேன்" என்றாள். அவர் நிறுத்தப் பார்த்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆங்கிலம் ஏறவில்லை என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியிருக்கிறார். பாட்டிதான் வாசலை மறித்திருக்கிறாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் சேர்ந்து படிக்கிறோம். 2014 முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரியிலிருந்து மறுபடி சனி, ஞாயிறு ஆனதால் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை செய்யும் என் கணவரும் அன்றைக்கு வீட்டில் இருக்கிறார், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். வருகிறவர்களில் ஒருத்தி ஆஸ்திரேலியத் தேர்வுக்கு, ஒருவர் இங்கேயே இருந்து எம்.ஆர்.சி.பி. என்னும் பொது மருத்துவ நிபுணத் தேர்வை எழுத, ஒரு ஹவுஸ்மென் தம்பி இன்னும் எதற்கென்று முடிவு செய்யாமலே. கேள்வித் தொகுப்பைத் திறப்பதற்கு முன் ஒவ்வொருவரும் அந்த வாரம் பார்த்த ஒரு நோயாளியைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம். போன வாரம் அந்தத் தம்பி சோர்ந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணும் ஏற மாட்டேங்குது. மூடே இல்ல."

"பரவால்ல. இந்த வாரம் உன்னைத் தூங்க விடாதது யாரு?"

கொஞ்ச நேரம் யோசித்தான். மூணாம் கட்டிலில் இருக்கும் ஆயா, சோடியம் இறங்கிக்கொண்டே போகிறது, ஏன் என்று தெரியவில்லை, டாக்டர் ரவுண்ட்ஸில் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை என்றான். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எம்.ஆர்.சி.பி. எழுதுகிறவர் கேட்டார். கைப்பேசியைத் துழாவி ஒவ்வொன்றாக வாசித்தான். ரத்த அழுத்த மாத்திரையின் பெயர் வந்ததும் அவனே நிறுத்தினான்.

"தயாசைடா அக்கா?"

"சிறுநீர் சோடியம் அனுப்பினியா?"

"இல்லக்கா."

"போன் போட்டு இப்ப அனுப்பச் சொல்லு. அதுக்குள்ள அந்தப் பாடத்த எடு, எல்லாரும் சேர்ந்து படிப்போம்."